எரியாத விறகு

"கேஸே வெச்சிருங்க" என்றாள் ஜுமானா. என்னைப் பார்க்காமல், சுவரை அளந்துகொண்டிருந்த மேஸ்திரி சர்கிஸைப் பார்த்துச் சொன்னாள்.

நான் காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டிருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. உள்ளே, ஜுமானா வீட்டுக் கூடத்தில், அவள் மாமனார் காலத்தில் கல் வைத்துக் கட்டிய கணப்பு. அதில் கருவாலி விறகு எரிந்துகொண்டிருக்கிறது. அதை அணைத்து, புகைபோக்கியை அடைத்து, திருகினால் எரிகிற ஒன்றை வைக்கப் போகிறார்களாம்.

சர்கிஸ் பையிலிருந்து மாதிரிக்கு ஒரு விறகுக்கட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். பட்டை இருந்தது, கணு இருந்தது, கோடாலி பட்ட தடம்கூட இருந்தது. தட்டிப் பார்த்தேன். சுட்ட மண்.

"இது எரியாது, உம் நதீம். சும்மா பார்வைக்கு. தீ அடியில கேஸ்ல வரும்." ஊருக்கெல்லாம் நான் உம் நதீம், நதீமின் அம்மா.

எரியாத விறகை நடுவீட்டில் அடுக்கிவைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து குளிர்காய்வார்களாம். பெய்ரூட்காரர்கள் செய்தால் சரி, அவர்களுக்குத் தக்காளிக்கும் ஆப்பிளுக்குமே வித்தியாசம் தெரியாது. மலையில் பிறந்த பெண் செய்யலாமா?

நான் எனக்காகப் பேசவில்லை. தெருவுக்காகப் பேசுகிறேன்.

எங்கள் தெருவில் கதவைத் தட்டுகிற வழக்கம் கிடையாது. காலையில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் புகை தெரிந்தால், காபி கொதிக்கிறது என்று அர்த்தம். நேரே உள்ளே போகலாம், உட்காரலாம். புகை இல்லாத வீட்டுக்குப் போவதானால் காரணம் வேண்டும். யாராவது செத்திருக்க வேண்டும், அல்லது முட்டை தீர்ந்திருக்க வேண்டும். தினமும் எத்தனை முட்டைதான் தீரும்?

தவிர, புகை வாய்விட்டுப் பேசும். விடிந்ததும் கறுப்பாக வந்தால் புருஷன் பெண்டாட்டி சண்டை. கோபத்தில் ஈர விறகைத் திணித்திருப்பாள். ஆப்பிள் மரத்து வாசனை வந்தால் சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள்.

எதிர் வீடு முதலில் கேஸுக்கு மாறியது. போன குளிர்காலத்தில் மேல் வீடும் மாறியது. அங்கே யார் இருக்கிறார்கள், யார் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், ஒன்றும் தெரிவதில்லை. தெருவில் மிச்சம் இருந்தது ஜுமானா வீட்டுப் புகை ஒன்றுதான்.

"குழந்தைக்கு இளைப்பு. டாக்டர் புகையே ஆகாதுன்னுட்டார்" என்றாள்.

"நாமெல்லாம் புகையில வளர்ந்தவங்கதானேம்மா. யார் என்ன கெட்டுப் போயிட்டோம்?"

"உங்க வீட்டுக்காரர் இருமி இருமியே போனார்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது சிகரெட்."

சர்கிஸ் அளவு நாடாவுக்குப் பின்னால் சிரிப்பை மறைத்துக்கொண்டார். ஜுமானா விடவில்லை.

"புகை புகைங்கிறீங்க. உங்க வீட்டுப் புகைபோக்கில இந்த வருஷம் புகையே பார்க்கலையே?"

"நல்லாக் காஞ்ச கருவாலி புகையாது. ஈர விறகு எரிக்கிறவங்க வீட்லதான் புகையும்" என்றேன்.

சர்கிஸ் கணப்பில் இருந்த நல்லாக் காய்ந்த கருவாலியைப் பார்த்தார். அதன் புகை அது பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பிறகு என் கோட்டைப் பார்த்தார். பொத்தான் எல்லாம் போட்டிருந்தேன். ஏன், கிளம்புகிறவள் கோட்டுப் போடக்கூடாதா? காலையில் வந்ததிலிருந்து நான் கிளம்பிக்கொண்டுதானே இருக்கிறேன்.

ஜுமானா எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். கணப்புக்கு மிக அருகில் போடப்பட்ட நாற்காலி அது. நான் வந்தால் அதில்தான் உட்காருவேன். மற்றவை முதுகுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

"கொல்லையில விறகு அப்படியே கிடக்கு. இனிமே எங்களுக்கு எதுக்கு? உங்க வீட்ல கொண்டுவந்து இறக்கச் சொல்லட்டுமா?"

அதை அவள் மெதுவாகச் சொன்னாள். மேஸ்திரிக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என்னை விறகுக்கு வந்து உட்கார்ந்தவள்னு நினைச்சியா? என் வீட்ல விறகு வைக்க இடம் கிடையாது. இல்லாதவங்க யாருக்காவது குடு."

சர்கிஸ் நாடாவைச் சுருட்டுவதை நிறுத்தினார். ஜுமானா வாசல்வரை வந்து, "எப்பவும்போல வாங்க, உம் நதீம்" என்றாள்.

எதைப் பார்த்து வருவது?

வீடு வந்து சேர்ந்தும் கோபம் தணியவில்லை. மண்ணைச் சுட்டு விறகென்று பெயர் வைப்பார்களாம். குளிர்காலம் முழுக்க ஒரு குச்சிகூட எரியாதாம். அதற்குக் கணப்பு என்று பெயராம். வெட்கமில்லாத காலம்.

கோட்டோடேயே அடுக்களைக்குப் போனேன். மதியத்துக்கு கிஷ்க் கஞ்சி. வெங்காயம் வேண்டியிருந்தது.

கூடத்துக்குத் திரும்பி வந்து, என் இரும்புக் கணப்பின் கதவைத் திறந்து, உள்ளே கைவிட்டு இரண்டு எடுத்தேன்.

ஐப்பசியில் போட்டவை. ஒன்றுகூட முளைவிடவில்லை. வெங்காயத்துக்கு அதைவிடக் குளிர்ந்த இடம் வீட்டில் கிடையாது.