அவருக்குப் பிடித்த முகம்

"ஊசிச் சிகிச்சை செய்த முகத்துக்கு வாசமில்லாத கிரீமும், வெயிலுக்குச் சன்ஸ்கிரீனும் போதும் அக்கா. விற்றமின் சி இப்ப வேண்டாம்," என்றாள் துறைமுகத்தடிப் பார்மசியில் வேலை செய்யும் சுலக்ஷனா.

"பருத் தழும்பு எப்ப மறையும்?" அருள்மலர் கேட்டாள்.

"மாசக்கணக்கில எடுக்கும்."

"அதுவரைக்கும் அவர் கிட்ட வரமாட்டாரே! நான் டுபாயில இருக்கேக்க போனில ஒரே கொஞ்சல். இப்ப நேரில இந்த முகத்தைக் கண்டு விலகி விலகிப் போறார்."

சுலக்ஷனாவுக்குக் கோபம் வந்தது. "அப்பிடிப்பட்ட மனுசனுக்காகவா ஊசி குத்தினீங்கள்?"

"மனுசனில்லை தங்கச்சி, என்ர மகன்."

வாசலில் சித்தியோடு நின்ற நான்கு வயதுக்காரர், பில்டர் போட்டுத் தழும்பே தெரியாமல் வழவழவென்றிருந்த அருள்மலரின் படத்துக்குப் போனில் முத்தம் கொடுத்தார்.

"சித்தி, அம்மா எப்ப வருவா?"