அந்த ஒரு ஓட்டு

செருப்புக் கடை முக்காலியில் உட்கார்ந்ததுமே ஜெனரல் எத்தியேன் பழைய கதையை ஆரம்பித்துவிட்டார்.

"பிரான்ஸ்ல ராஜாவைக் கவுத்த வருஷம் படையில சேர்ந்தோமே, ஞாபகமிருக்கா கஸ்பார்? கேப்டனை நாமளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம். ஒரே ஓட்டுல என்கிட்ட தோத்துப்போனே. இல்லேன்னா இன்னிக்கு நீ ஜெனரல், நான் இங்க செருப்பு தச்சுக்கிட்டு இருப்பேன்."

"ஆமாமா," என்றார் கஸ்பார், ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"அந்த ஒரு ஓட்டைப் போட்ட புண்ணியவான் யாருன்னுதான் முப்பது வருஷமாத் தெரியல."

"நான்தான்."

ஜெனரல் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னை எதிர்த்து நின்ன நீயே எனக்கு ஓட்டுப் போட்டியா? ஏன்டா?"

"சண்டையில கேப்டன்தான் முதல் ஆளா முன்னால போகணும்னு சொன்னாங்க. பயந்துட்டேன்."

தைத்து முடித்த ஒற்றை பூட்ஸோடு கஸ்பார் எதிரில் வந்து குனிந்தார்.

"எனக்கு அதை யாருமே சொல்லலையேடா," என்று சிரித்தபடி, சண்டையில் போனது போக மிச்சமிருந்த ஒரே காலை நீட்டினார் ஜெனரல்.