கசிவு

"ஒன்பது தடவை கோல் பண்ணிட்டேன். மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்குறா" என்று ஜீவராணி போனைக் கட்டிலில் போட்டாள்.

கணவன் விஜேந்திரன் அதை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான். அவனுக்குக் கிட்னி கொடுத்தவள் தங்கை விஜயலெட்சுமி. ஆறு வாரம் ஆகிறது. ஐந்து நாளைக்கு முன் கால் வீங்கி, அடிவயிறு புடைத்து, மறுபடியும் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்துவிட்டான்.

டொக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "கிட்னி நல்லா வேலை செய்யுது. ஒப்பரேஷன்ல வெட்டுப்பட்ட நிணநீர்க் குழாய்ல இருந்து தண்ணி கசிஞ்சு பக்கத்துல தேங்கியிருக்கு. டியூப் போட்டா வடிஞ்சிரும்."

வடிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் விஜேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை.

"லெட்சுமி ஒரு தடவை வந்துட்டுப் போனாப் போதும்."

"கிட்னிக்கிட்ட கசியுதுன்னு முதல் நாளே அவகிட்ட சொன்னேன். அன்னிக்கு வச்ச போன்தான், அப்புறம் எடுக்கவே இல்ல. அவ இருக்கிற கொஸ்லந்தையில பஸ்ஸா இல்ல?"

"அவளுக்கும் வெட்டின காயம்..."

"கோயிலுக்குப் போனாளாமே, அதுக்கு மட்டும் காயம் ஆறிருச்சாக்கும்!"

பக்கத்துக் கட்டிலில் மர்ஸூக், பதுளை டவுனில் கடை வைத்திருப்பவர். "நான் வித்த ஃபேன் சுத்துதில்லண்டு ஆள் வந்தா நானும் பின்வாசலால போயிருவேன் தங்கச்சி."

"சிரிக்க வைக்காதீங்க மர்ஸூக் நானா, டியூப் இழுக்குது" என்று விஜேந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

ஜீவராணிக்குச் சிரிப்பு வரவில்லை. கிட்னி கொடுத்ததற்கு லெட்சுமி இப்போது வருத்தப்படுகிறாள், வேறென்ன?

மறுநாள் காலை டொக்டரின் அறை வாசலில் விஜயலெட்சுமி நின்றாள். கையில் துணிப்பை. கண்கள் வீங்கியிருந்தன.

"வந்துட்டியா மகராசி! அண்ணனைப் பார்த்தியா?"

"இல்ல அண்ணி. முதல்ல டொக்டரைப் பார்க்கணும்."

"தேத்தண்ணியாவது குடி."

"வேணாம்."

முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கேட்டுவிடுவது என்று ஜீவராணி வாயைத் திறக்க, கதவு திறந்தது. விஜயலெட்சுமி விறுவிறுவென்று உள்ளே போனாள். பின்னாலேயே ஜீவராணியும்.

"டொக்டர், வெக்கத்துல அண்ணி போனைக்கூட எடுக்கல. ஓட்டைக் கிட்னியக் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அண்ணனைப் பார்க்கிறது?"

"அம்மா, கொஞ்சம் கேளுங்க..."

"நேத்துல இருந்து பச்சத்தண்ணி குடிக்கல, மாத்துத்துணியும் கொண்டாந்துட்டேன். ஒழுகுறதை எனக்கே திருப்பி வச்சிட்டு, என்கிட்ட இருக்கிற நல்லதை அண்ணனுக்கு வச்சிருங்க!"