முற்றத்துப் பாசி

தேய்க்கும் சத்தம் நின்றது.

அடுக்களையில் வாக்கரைப் பிடித்தபடி அவள் காதுகொடுத்தாள். ஈர்க்கு வாரியல் முற்றத்துச் சிமென்டில் உரசுவது இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு, நனைந்த மூட்டையைக் கீழே போட்டதுபோல ஒரு சத்தம்.

"என்னது?" என்றாள்.

முற்றத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. நீ வராத."

அவள் முற்றத்து வாசலுக்குப் போனாள்.

அவள் கணவர் தாசையன் முற்றத்தின் நடுவில் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் வாரியல். பிளீச்சிங் பவுடர் டப்பா கவிழ்ந்து, பொடி தண்ணீரில் வெள்ளையாகக் கரைந்து ஓடியது.

ஐப்பசி பிறந்ததிலிருந்து வெயிலைக் காணோம். முற்றம் முழுக்கப் பாசி. மழை ஓயும்போதெல்லாம் அவர் இறங்கித் தேய்ப்பார். இரண்டு நாளில் மறுபடி பிடித்துவிடும். மறுபடி தேய்ப்பார்.

அவளுக்காகத்தான்.

போன மழைக்காலத்தில், கொடியில் கிடந்த துணியை எடுக்க இறங்கி, இதே இடத்தில் அவள் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இடுப்புக்குள் கம்பி வைத்து அனுப்பினார்கள்.

"மழை தொடங்கிட்டா எங்க வார்டுல கட்டில் கிடைக்காதும்மா. எல்லாம் உங்க வயசுக்காரங்கதான்" என்றார் டாக்டர். "ஈரத்துல கால் வைக்காதீங்க. தரையில உக்காரவே உக்காராதீங்க."

அவள் அவர் கால்களைப் பார்த்தாள்.

வலது கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

அவளுடைய காலும் அன்று அப்படித்தான் கிடந்தது.

"சுளுக்குதான்" என்றார் அவர். "கொஞ்சம் கிடந்துட்டு எழும்பிருவேன்."

"அசைக்காதீங்க. அசைச்சா உயிரு போவும்."

ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டு செல்வினைக் கூப்பிட்டாள். அவன் சந்தையில் இருந்தான்.

"இந்தா வாறேன் சித்தி. ஆளையும் கூட்டிட்டு வாறேன். நீங்க எறங்கிராதீங்க, கேட்டியளா?"

போனை வைத்தபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

சின்ன மழையல்ல.

நேராக அவர் முகத்தில் விழுந்தது. கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். மூச்சுக்காக வாயைத் திறந்தார். தண்ணீர் உள்ளே போய் இருமினார். இருமியபோது இடுப்பு அசைந்தது.

கத்தினார்.

அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை. மகனைப் புதைத்த அன்றுகூட அவர் சத்தம் போட்டு அழவில்லை.

ஆணியில் தொங்கிய குடையை எடுத்து முழங்கையில் மாட்டிக்கொண்டாள். பாசியில் வாக்கரும் நிற்காது. அதைக் கதவோரம் விட்டாள்.

கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெல்ல, உடம்பைக் கீழே இறக்கினாள். பாதியில் இடுப்பு சுண்டி இழுத்தது. நின்றாள். மூச்சை விட்டாள். மறுபடி இறக்கினாள்.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அடுத்த படி.

பிறகு தரை.

"லில்லி, சொன்னா கேளு. வழுக்கும்."

"நான் நடக்கல்லியே."

குடையை மடியில் வைத்துக்கொண்டாள். கைகளைப் பின்னால் ஊன்றி, நல்ல காலால் உந்தினாள். நைட்டி நனைந்து தொடையில் ஒட்டியது. தெருவில் யாராவது பார்ப்பார்களோ என்று ஒரு முறை நினைத்தாள். பிறகு நினைக்கவில்லை.

பாசி வழுக்கியது. இப்போது அது வசதியாக இருந்தது.

பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் குடையை விரித்து அவர் முகத்துக்கு மேலே பிடித்தாள். கண்ணிலிருந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"கூறு கெட்டவளே" என்றார்.

"ஆமா."

அவர் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. குளிர்ந்திருந்தது. குடை அவர் தலைக்கும் நெஞ்சுக்கும்தான் போதுமானதாக இருந்தது. அவள் முதுகு முழுக்க மழை பெய்தது.

"நீ எப்பிடி உள்ள போவ?" என்று கேட்டார்.

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

கேட் திறந்தது. செல்வின் இரண்டு ஆட்களோடு ஓடிவந்தான். அவர்களுக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்ஸ்காரர்கள்.

"ஐயோ, சித்தியும் விழுந்துட்டாங்க!"

"விழல்ல" என்றாள். "உக்காந்திருக்கேன்."

அவர்கள் அவர் காலைப் பலகையோடு சேர்த்துக் கட்டினார்கள். தூக்கும்போது அவர் அவள் கையை விடவில்லை. ஒவ்வொரு விரலாக அவளே பிரித்துவிட்டாள்.

செல்வின் அவளிடம் குனிந்தான்.

"கையைத் தாங்க சித்தி. எழும்புங்க."

அவர் ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பும்போது வலியில் கத்திவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

"மொதல்ல அவரை ஏத்து" என்றாள். "மழையில நிறுத்தி வைக்காத."

வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகுதான் அவள் கையை நீட்டினாள்.