தண்ணி வராத வீடு

"உங்களுக்கென்ன பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிருச்சா?"

துளசி போட்ட கூச்சலில் பழைய தோட்டத்து லயத்தில் வரிசை வீடு அத்தனையும் வாசலுக்கு வந்துவிட்டது.

அவள் புருஷன் ஜெயபாலன் காதில் வாங்கவில்லை. ஆற்றுப் பக்கம், தான் கட்டிய புது மதிலைச் சம்மட்டியால் உடைத்துக்கொண்டிருந்தான். லாரி ஓட்டிச் சேர்த்ததை எல்லாம் கொட்டிக் கட்டிய மதில் ஐயா! பெண்டாட்டிக்கு வயிறு எரியாதா?

போன வெள்ளத்தில் லயம் முழுக்கத் தண்ணீர். இவன் வீட்டில் மட்டும் பாய்கூட நனையவில்லை. எங்கெங்கே வெள்ள ஆபத்து இருக்கிறது என்று கணக்கெடுக்க ஈப்போவிலிருந்து வந்த அதிகாரி, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சி இவன் முதுகைத் தட்டி, எல்லாரும் இப்படிக் கட்டுங்கள் என்று சொல்லி, மதிலைப் படம் பிடித்துக்கொண்டு போனார். கையில் காசு உள்ளவர்கள் செங்கல்லுக்குச் சொல்லியாச்சு.

"மச்சான், வேணாம்னா கல்ல எனக்குக் குடுலா," என்று ஒன்றைக் கையில் எடுத்தான் எதிர்வீட்டுத் தர்மேந்திரன். நாலு பேர் சிரித்தார்கள்.

"அடுத்த மழை இதைவிடப் பெருசா வருமாம். நம்ம புள்ளைங்கள தண்ணியில விடப் போறீங்களா?" துளசி அழுதேவிட்டாள்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு வீரம்மா வந்தாள். பாவம், அந்த வெள்ளத்தில்தான் புருஷனைப் பறிகொடுத்தாள். பக்கவாதத்தில் படுத்த மனுஷன் சன்னாசி. சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவப் போனவள் ஓடி வருவதற்குள் கட்டிலோடு முடிந்துபோனார்.

அவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

வீரம்மா சம்மட்டியைப் பிடித்துக்கொண்டாள். "விடு தம்பி. எதுக்கு ஒடைக்கிற?"

ஜெயபாலன் அப்படியே சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

"அக்கா, நேத்து அண்ணன் கருமாதியில உங்க சுவத்துல சேத்துக் கறையப் பாத்தேன். எத்தன வெள்ளம் வந்திருக்கு, என்னைக்காவது முட்டிக்கு மேல ஏறியிருக்கா? இந்த வாட்டி ஜன்னலுக்கு மேல ஏறியிருக்கே! என் வீட்டுக்கு வராத தண்ணி எங்க போச்சுன்னு நீங்க யோசிக்கவே இல்லையா?"

தர்மேந்திரன் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான்.

வீரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கே யோசிச்சேன் தம்பி. உன் புள்ளைங்களாவது பொழைச்சுதேன்னு மனச தேத்திக்கிட்டேன்."