ஸ்பாஞ்சுக் குச்சி

கரமனைப் பள்ளிக்கூட ஹாலில் மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு சாய்ந்து கிடக்கிறது. கராத்தே டீச்சர் ஷிஜா, எண்ணிக்கை சொல்லிக் கை வீசவைக்கும் பழைய முறையை இன்று விட்டுவிட்டாள். பிள்ளைகள் விளையாட்டாகத் தடுக்கப் பழகட்டும் என்று, ஸ்பாஞ்சு சுற்றிய குச்சியை ஒவ்வொரு தலைக்கு மேலும் ஓங்குகிறாள். தடுக்க மறந்து எல்லோரும் சிரிக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பொன்செல்வி மட்டும், குச்சி உயரும் முன்பே கண்ணை இறுக மூடி, கழுத்தை உள்ளிழுத்து, இரு கைகளாலும் தலையை மறைத்துக்கொள்கிறாள். "கண்டோ, என்ன வேகம்! எல்லாரும் இவளைப்போல செய்யணும், கேட்டோ? ஆரு மோளே இது சொல்லித் தந்தது?" "ஆரும் இல்ல டீச்சர். வீட்டுல தானா வந்தது." ஷிஜாவின் கையில் குச்சி மெல்லத் தாழ்கிறது. அதற்குள் ஹால் முழுக்கப் பிள்ளைகள் கண்ணை மூடி, கழுத்தை இழுத்து, தலையைக் கைகளால் மறைத்து, சத்தமில்லாமல் அடிக்குக் காத்து நிற்கிறார்கள்.