முழங்கைப் படம்

பேஸ்பால் அணிகள் புது வீரர்களைத் தெரிவு செய்ய இன்னும் ஒரு வாரம்தான். கனடாவின் ஸ்காபரோ நகரிலேயே வேகமாகப் பந்தெறியும் கஜீவனின் முழங்கை எக்ஸ்ரேயைப் பார்த்த அணி டொக்டர், ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார்.

“என்னவாம்?” என்றார் அப்பா குலசிங்கம்.

“எலும்பிலை வெடிப்பாம். எனக்கு உண்மையா பதினெட்டு வயசோ எண்டு கேக்கிறார்.”

“அவருக்கேன் உந்த விடுப்புக் கேள்வி?”

“பதினாறெண்டால் எலும்பு இன்னும் வளருமாம். ஒரு வருஷம் எறியாமல் விட்டால் பொருந்திடுமாம், பிறகு எடுப்பினமாம். பதினெட்டெண்டால் இனித் தானாப் பொருந்தாதாம். இண்டைக்கே பேரை வெட்டுவினமாம்.”

குலசிங்கம் மகனின் வலக்கையைத் தடவினார்.

“பதினெட்டெண்டு சொல்லு.”

“அப்பா...”

“நீ கெதியா வேலைக்குப் போகவேணுமெண்டு, அகதிக் கேசிலை ரெண்டு வயசு கூட்டிக் குடுத்தனான். கொம்மாவை ஊரிலையிருந்து இஞ்சை கூப்பிடுற விண்ணப்பப் போமிலையும் அதுதான் கிடக்கு. பொய்யெண்டு தெரிஞ்சால் அவளை விடமாட்டாங்கள்.”

கஜீவன் டொக்டரிடம் திரும்பினான்.

“எயிட்டீன்.”

டொக்டர் பட்டியலில் ஒரு கோடு கிழித்துவிட்டு, அவனிடம் ஏதோ சொன்னார்.

“என்ன சொல்லுறார்?”

“உண்மையைச் சொன்னதுக்கு நன்றியாம், அப்பா.”